போத்தாக்கும் அட்ஜுடண்டும்: ஒரு நாரைப் பெயராராய்ச்சி

யாரும் கேட்காத கேள்வி ஒன்றுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது: ஒரே நாரை அதிகாரியாகவும் மொட்டைத்தலையனாகவும் இருப்பது எப்படி?

ஆய்வுப்பொருள், லெப்டாப்டைலஸ் ஜவானிக்கஸ். நான்கடிக்குச் சற்றே குறைந்த உயரம். சிங்கப்பூருக்கு இன்று அரிய விருந்தாளி. தமிழில் பெருநாரை. ஆனால் அசாமில் இதைவிடப் பெரிய அண்ணன் ஒருவன் இருப்பதால் ‘சிறிய பெருநாரை’ என்று திருத்த வேண்டியிருக்கிறது. முரண்தான், நாரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் வைத்த பெயர் அட்ஜுடண்ட், அதாவது படைத்தளபதிக்கு உதவும் அலுவலர். கைகளைப் பின்னால் கட்டி அணிவகுப்பைப் பார்வையிடுவது போன்ற விறைத்த நடை அதற்குக் காரணம். கல்கத்தா வீதிகளில் குப்பை கிளறிய பெரியண்ணன், அந்நகராட்சியின் சின்னத்திலேயே ஏறி நின்றது. அதற்கு அசாமில் ‘ஹர்கிலா’, எலும்பு விழுங்கி, என்று பெயர். 1867 வரை சிங்கப்பூர் இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியின் கீழ் இருந்தது; கோப்புகளோடு பெயரும் கப்பலேறியிருக்கும் என்பது என் துணிபு.

மலாய்க்காரர் நடையைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்கள்: ‘புரோங் போத்தாக்’, மொட்டைப் பறவை. இறுதி ‘க்’ எழுத்தில் உண்டு, பேச்சில் தொண்டைக்குள் போய்விடும். அண்ணன் எலும்பை விழுங்க, தம்பி எழுத்தை விழுங்கியது.

களஆய்வு லிட்டில் இந்தியாவில், ஒரு முடிதிருத்தகத்தில் நடந்தது. நாற்காலியில் பதினெட்டு வயதுப் பிள்ளை. கத்தரி கையிலேயே நிற்க, கடைக்காரர் கேட்டார்:

“என்ன தம்பி, பழனிக்கா?”

“இல்லண்ணே, தெக்கோங் முகாமுக்கு. நாளைக்கு ஆர்மி. போத்தாக் போட்டுடுங்க.”

கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை 1967இல் தொடங்கியதிலிருந்து மொட்டைக்கு இங்கே முருகனைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளையின் தாயார் தரையில் விழுந்த சுருளைப் பார்த்துக்கொண்டே, “வேண்டுதல்னா புண்ணியமாவது உண்டு” என்றார்.

இங்கே ஒரு தடை எழலாம். தமிழில் மொட்டை வேறு, வழுக்கை வேறு. முன்னது நாமே கொடுப்பது, பின்னது தானாகவே போவது. மலாய் போத்தாக் இரண்டையும் பிரிப்பதில்லை. இந்த நாரை எந்த வகை? இளம் பறவையின் தலையிலும் கழுத்திலும் தூவி கூடுதல், வளர்ந்ததற்குக் குறைவு. எனவே வழுக்கையே. வேண்டுதல் ஏதும் இருந்ததற்குச் சான்றில்லை.

முடிவுக்கு வருவோம். மலாய்ப் பெயர் முதல் நாள் சிப்பாயைச் சொல்கிறது, ஆங்கிலப் பெயர் அவனை அதட்டும் அதிகாரியைச் சொல்கிறது. இரண்டும் ஒரே முகாமில்தான் இருக்கின்றன. நம் பிள்ளை அட்ஜுடண்ட் ஆவதற்குள் முடி முளைத்துவிடும். தலையில் ஒன்றும் முளைக்காமலே பதவி உயர்வு பெற்றது, ஆய்வுக்கு எட்டியவரை, இந்த நாரை ஒன்றுதான்.