படிக்காமலே பாஸ்

ஆய்வுக் கட்டுரைக்குச் சில சடங்குகள் உண்டு: சுருக்கம், முன்னுரை, புரியாத வரைபடம், வழிகாட்டியின் மனம் குளிர நாலு மேற்கோள், ‘மேலும் ஆய்வு தேவை’ என்ற மங்களம். 2005இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் இத்தனையையும் நொடியில் செய்துதரும் ‘சைஜென்’ நிரலை எழுதினார்கள். இலக்கணம் பிசகாது; அர்த்தம் மட்டும் இருக்காது. அது பெற்றெடுத்த ‘ரூட்டர்’ கட்டுரையை ஆர்லாண்டோ மாநாடு ஒன்று ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர்களிடமிருந்து குறித்த நாளுக்குள் பதில் வரவில்லையாம், அதனால் ஏற்றார்களாம்! நம் சர்வகலாசாலைகளில் இதைப் படிப்பவர்கள் சிரிக்காமல் இருப்பது நல்லது.

2010இல் பிரான்சின் கணினி ஆய்வாளர் சிரில் லபே இன்னும் ஒரு படி மேலே போனார். ஐக் அண்ட்காரே என்ற, பிறக்கவே பிறக்காத அறிஞரின் பெயரில் அதே சைஜென் எழுதித்தந்த ஏறக்குறைய நூறு கட்டுரைகள். ஒன்றையொன்று மேற்கோள் காட்டி முதுகு சொறிந்துகொண்டன; அவ்வளவுதான். கூகுள் ஸ்காலர் கணக்கில் அவருடைய எச்-குறியீடு (மேற்கோள்களை வைத்து அறிஞர்களை எடைபோடும் எண்) 94, ஐன்ஸ்டீனைவிட அதிகம்.

2014இல் ஆய்வுகளைப் பதிப்பிக்கும் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் தாங்கள் வெளியிட்டிருந்த இத்தகைய உளறல்கள் 120க்கு மேல் நீக்கின. மறு ஆண்டே, போலியைக் கண்டுபிடிக்க லபேயுடன் சேர்ந்து ஸ்பிரிங்கர் ஒரு மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. மதிப்பீட்டாளர் ஒரு பத்தியைப் படித்திருந்தாலே முடிந்திருக்கும் வேலை அது.