லீக் அண்ணன்

எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் அதன் அடியில் உள்ள தரையைப் பார்க்கிற ஒரு மனிதரைத் திண்டுக்கல்லில் நீங்கள் சந்திக்காமல் தப்பிக்க முடியாது. பழனி ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். இல்லையென்றால் உதிரிபாகக் கடை வாசலில் ஓர் ஆயில் சீலை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு நிற்பார். வயது ஐம்பதுக்கு மேல். சட்டை வெள்ளைதான், வலது முழங்கைக்குக் கீழே மட்டும் கறுப்பு. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கினால், ஊரே மாப்பிள்ளையைப் பார்க்கும். இவர் குனிந்து, மாப்பிள்ளை வந்த காரின் அடியைப் பார்த்துவிட்டு, "சேம்பர் பேக்கிங் போச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பெண் வீட்டார் ஒரு கணம் பதறிப் போவார்கள்.

ஊர் இவருக்கு வைத்திருக்கும் பெயர் லீக் அண்ணன். குறிப்பிட்ட ஒருவரைச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் இருக்கிறார், வத்தலக்குண்டில் ஒருவர் இருக்கிறார், நத்தத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருமே இப்படித்தான்.

லீக் அண்ணனின் சொத்து ஓர் அம்பாசடர். கூரையும் நான்கு கதவுகளும் அம்பாசடர். இன்ஜின் மேட்டடார் வேனுடையது. ஹாரன் லாரியுடையது. கியர் பாக்ஸைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்தக் கலப்புக் குடும்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலக் காரை அச்சாக வைத்து ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்த வண்டி அம்பாசடர். அதில் நெடுங்காலம் ஓடியது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சி.சி. இன்ஜின். அந்த இன்ஜினில் கிராங்க் தண்டின் பின்முனையில் இன்றைக்கு இருப்பதுபோல ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே எதிர்த்திசையில் ஒரு மறை வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றச் சுற்ற, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மறை உள்ளே திருகித் தள்ளிவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஒரே சிக்கல், இன்ஜினை நிறுத்தினால் மறையும் நின்றுவிடும், ஆயில் நிற்காது. எனவே அண்ணனின் வண்டி ஓடும்போது ஒழுகாது, வீட்டு வாசலில் வந்து நின்றதும் ஒழுகும். அண்ணன் வீட்டு மதினிக்கு இது வேண்டுமென்றே செய்வதாகத்தான் தோன்றியது.

ஒழுகலுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் இன்ஜினையே மாற்றினார் அண்ணன். டீசல் பெட்ரோலைவிட வெகு மலிவாக இருந்த காலம். பெட்ரோல் அம்பாசடரில் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை இறக்குவது அப்போது பட்டறைகளுக்குப் பழகிய வேலை. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றி எழுதி வாங்கினார். இன்றைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றி வக்கீல்களுக்கே வகுப்பெடுப்பார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு வாரத்தில் புது இன்ஜினும் ஒழுக ஆரம்பித்தது.

இனிமேல்தான் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்குகிறது.

டீக்கடையில் சபை கூடியது. பானட்டைத் திறந்து வைத்துவிட்டால் நம் ஊரில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. முதலில் வந்தவர் பூட்டுப் பட்டறைக்காரர். "எதையும் அடைக்கிறது நம்ம தொழிலுண்ணே. 2019-ல நம்ம பூட்டுக்குப் புவிசார் குறியீடே குடுத்துருக்காய்ங்க, இந்த டிரெய்ன் நட்டை அடைக்க முடியாதா?" என்றார். செம்பு வாசரை அரத்தில் ராவி, நட்டைத் தன் கையாலேயே முறுக்கிக் கொடுத்தார். அந்த நட்டு அதன் பிறகு ஒழுகவில்லை. கழற்றவும் வரவில்லை. அதனால் ஆயில் மாற்றுவது நின்று போனது. "அதான் பழசு தானா இறங்கிருதே, நான் மேல புதுசா ஊத்திக்கிறேன், தனியா எதுக்கு ஆயில் சேஞ்சு?" என்று அண்ணன் கேட்டபோது, சபையில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் பேகம்பூர் தோல் ஷாப் பாய். வயதில் மூத்தவர். "அந்தக் காலத்துல ஆயில் சீலுன்னா தோலுதான் தம்பி. ரப்பரெல்லாம் பொறகு வந்தது" என்றார். சொன்னது பொய்யில்லை. செயற்கை ரப்பர் பரவலாகும் வரை உலகம் முழுவதும் சுழலும் தண்டுகளைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து வைத்தது தோல் உதடுதான். நல்ல தோலாகப் பார்த்து வட்டமாக அறுத்து, ஆயிலில் ஊறப்போட்டுக் கொடுத்தார் பாய். முன்பக்க டைமிங் கவரில் அதைப் போட்டார்கள். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் கூடியது.

லேத் பட்டறைக்காரர் வந்து, சிலிண்டர் ஹெட்டை இறக்கி ஃபேஸ் கட்டிங் போட வேண்டும் என்றார். அவரிடம் யார் எந்த நோயோடு போனாலும் அதைத்தான் சொல்வார். உதிரிபாகக் கடைக்காரர், டேப்பட் கவருக்குக் கார்க் பேக்கிங்கும், கூடவே ஒரு பசை டியூபும் கொடுத்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் லீக் அண்ணன்கள் கெடுத்த இன்ஜின்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டன. கார்க் பேக்கிங்கை இறுக்க இறுக்க நல்லது என்று நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் முறுக்கினால் கார்க் பிதுங்கி வெடிக்கும். மூடி வெறும் தகடுதானே, போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழியாக வளையும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்தில் ஆயில் வரும். வந்த ஆயிலைப் பார்த்து இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். பசையோ இன்னும் மோசம். வெளியே பிதுங்கினால் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அது இன்ஜினடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குள் விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால், ஒழுகல் நின்றுவிடும், இன்ஜினும் நின்றுவிடும்.

அண்ணன் இதையெல்லாம் தாண்டியவர். கைதேர்ந்த ஆராய்ச்சிக்காரர். தரையில் விழுந்த சொட்டை ஆள்காட்டி விரலில் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கருகிய வாடை அடித்தால் இன்ஜின் ஆயில். தப்பவே தப்பாது. சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றல்ல என்பதும் அவருக்குத் தெரியும். மேலே டேப்பட் கவரில் கசிந்தது, ஓட்டத்தில் காற்று தள்ள, பிளாக்கின் ஓரமாகவே பின்னுக்கு வந்து கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். அந்தச் சொட்டை மட்டும் பார்த்துவிட்டு கியர் பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. அண்ணனும் இறக்கியிருக்கிறார், ஆனால் தெரிந்தே இறக்கினார்.

கணக்கிலும் கெட்டி. மருந்துக்கடைக் கணக்கில் இருபது சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 180 மில்லி. "அதாவது மணிக்கு ஒரு குவார்ட்டர்" என்று அவர் சொன்னபோதுதான் பிரச்சினையின் கனம் சபையில் இருந்த பலருக்கு உறைத்தது.

கடைசியில் பவுடர் பரிசோதனைக்குத் துணிந்தார். நல்ல முறைதான், மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் செய்வது. இன்ஜினை டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, காயவிட்டு, வெள்ளைப் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து பார்த்தால், வெள்ளையில் எந்த இடத்தில் முதலில் கறுப்பு விழுகிறதோ அங்கேதான் ஒழுகல். மதினியின் குட்டிகூரா டப்பா காணாமல் போனது. மாசித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் போகத் தலைவாரி நின்றவர், பவுடரைத் தேடி அலமாரி, கட்டிலடி, பூஜை அறை எல்லாம் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, பானட்டுக்குள் இருந்து மணம் வந்தது.

"இருபத்தஞ்சு வருசத்துல எனக்கு ஒரு நாள் பவுடர் வாங்கிக் குடுத்துருப்பியளா? இதுக்குப் பூசிவிடுறிய."

"கொஞ்சம் பொறு. இன்னைக்குத் தெரிஞ்சுரும்."

சிறுமலை அடிவாரம் வரை ஓட்டிப் போய் வந்தார். பானட்டைத் திறந்தால், டேப்பட் கவரில் கறுப்பு, டைமிங் கவரில் கறுப்பு, சேம்பர் ஓரம் நெடுகக் கறுப்பு, ஆயில் அளவுக் கம்பி சொருகுகிற ஓட்டையைச் சுற்றியும் கறுப்பு. ஒரே நேரத்தில் எல்லா வாசலிலும் வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்க வேண்டிய கட்டம் அது. அண்ணன் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பவுடரு சரியில்ல."

அர்த்தம் சொன்னவன் ஒரு ஜீப் டிரைவர். சிறுமலையில் இருந்து வாழைத்தார் ஏற்றிவருகிற பையன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிப் பிழைக்கிறவனுக்கு இன்ஜினின் மூச்சு தெரியும். டீயைக் குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்றான். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அந்த வாயின் மேலேயே சும்மா வைத்தான். மூடி தடதடவென்று தாவியது.

"உள்ள மூச்சு முட்டுதுண்ணே. பிரீதர் எங்க போகுது?"

பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே சேம்பருக்குள் இறங்கத்தான் செய்யும். புத்தம்புது இன்ஜினிலும் இறங்கும், தேய்ந்ததில் அதிகமாக இறங்கும். அது வெளியே போகத்தான் பிரீதர் குழாய். வேனில் அந்தக் குழாய் போக இடம் இருந்தது. அம்பாசடர் பானட்டுக்குள் இன்ஜினை நெருக்கி உட்கார வைத்தபோது ஏர் கிளீனர் இடித்தது, ஏர் கிளீனருக்காகக் குழாயை மடக்கினார்கள், மடக்கிய குழாய் சூட்டில் நசுங்கி ஒட்டிக்கொண்டது. பையன் விரலை விட்டுக் காட்டினான்.

"போற வழிய அடைச்சுப்புட்டு சீலு சீலா மாத்துனா என்னண்ணே செய்யும்? கெடைச்ச சந்துல வரத்தான் செய்யும். கை அகல ஓஸு ஒண்ணு மாத்துங்க. அப்பறமும் மூடி தாவுச்சுன்னா ரிங்கைப் பாருங்க." கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

சபை அண்ணனைப் பார்த்தது. அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அதை நான் அப்பவே யோசிச்சேன்."

மாற்றினாரா என்று கேட்பீர்கள். லீக் அண்ணனை இன்னும் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை. தோல் அறுத்து, செம்பு ராவி, கியர் பாக்ஸ் இறக்கி, மதினியின் பவுடர் வரை போன ஒரு மர்மம், கை அகல ரப்பர் குழாயில் முடிவதை எந்த ஆராய்ச்சிக்காரர்தான் ஒப்புக்கொள்வார்? ஆனால் அறிவை வீணாக்குகிறவர் அல்ல அவர். மறுநாளே திருச்சி ரோட்டில் ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு சுமோவின் பக்கத்தில் போய், "ஆயில் மூடியைத் தொறந்து வை தம்பி" என்றார். மூடி தாவியது. "பிரீதரைப் பாரு." பார்த்தார்கள், அடைப்பு இருந்தது, எடுத்தார்கள், ஒழுகல் நின்றது. அப்புறம் வேடசந்தூர் மில்காரர் ஒருவரின் கான்டெசா. அப்புறம் சின்னாளபட்டியில் சேலை வியாபாரியின் வேன். பேர் பரவிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரில் இருந்தெல்லாம் வண்டி வருகிறது. காசு வாங்குவதில்லை, ஒரு டீ மட்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், புதுக் கார் எடுத்துத் தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தான். "அதுல என்னடா இருக்கு? பானட்டைத் தொறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது" என்று மறுத்துவிட்டார். பழைய புல்லட்காரர்கள் சொல்கிற ஒரு வசனம் அவருக்கு மந்திரம்: ஒழுகினால் உள்ளே ஆயில் இருக்கிறது, ஒழுகாத அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும். அவர் வண்டியின் பிரீதர் என்னவாயிற்று என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "என்னோடது வேற மாதிரி கேஸுப்பா" என்பார்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு லீக் அண்ணன் வருவதாக இருந்தால், பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வையுங்கள். முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். தப்பித் தவறித் தரையில் கறை பட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், பரவும். மரத்தூள் தூவிக் கொஞ்ச நேரம் விட்டுக் கூட்டுங்கள். உங்கள் வண்டியே ஒழுகினால், தயங்காமல் அவரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் வண்டியைப் பொறுத்தவரை அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.