எட்டு வருஷக் குறைப்பிரசவம்

சைபர்பங்க் 2077 விளையாட்டை 2012-இல் அறிவித்தார்கள். எட்டு வருஷம் சுமந்து, மூன்று முறை தேதியைத் தள்ளிப்போட்டு, 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். அப்படியும் குறைப்பிரசவம்தான்.

விளையாட்டு நடக்கும் நைட் சிட்டி நகரத்தின் தெருவோரத்தில் ஒருவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அசையாமல் நின்றார். ஆளரவமற்ற இடத்தில் தப்பு செய்தால் முதுகுக்குப் பின்னால் திடீரென்று போலீஸ் முளைத்தது. (எந்த ஊர்ப் போலீஸ் இவ்வளவு சீக்கிரம் வரும், சொல்லுங்கள்?) பிளேஸ்டேஷன் 4-இலோ படம் திக்கித் திணறியது. ஒரு வாரம் போனதும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே விளையாட்டைத் தூக்கிவிட்டு, காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னது.

அப்புறம் ஒட்டுக்கு மேல் ஒட்டு. 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பு வந்தபோதுதான் போலீஸ் ஒழுங்காக வண்டியேறித் துரத்தக் கற்றுக்கொண்டது. முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் சோதித்துப் பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது.