தராசுக்குத் தெரியாத கனம்

மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் என் சித்தப்பா அச்சகம் வைத்திருந்தார். எழுபதுகள். ஒரு டிரெடில், ஒரு கட்டிங் மெஷின், சுவர் நெடுக ஈய எழுத்துக் கேஸ்கள். ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவிலிருந்து மீன்பாடி வண்டியில் பேப்பர் வந்து இறங்கும். அச்சகங்களில் பேப்பரைக் கிலோவில்தான் சொல்வார்கள். 20க்கு 30 அங்குலத்தில் 500 தாள் கொண்ட ரீம் 11.6 கிலோ இருந்தால் அது 60 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 60 கிராம். 23க்கு 36 அங்குல ரீம் 18.7 கிலோ என்றால் 70 ஜி.எஸ்.எம்.

ரீமை எடை போட்டால் சரியாகத்தான் இருக்கும். சித்தப்பா அதோடு விடமாட்டார். நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். "இந்தப் பக்கம் தடிப்பு, அந்தப் பக்கம் நோஞ்சான்டா" என்பார். ஒரு ஓரம் 63, மறு ஓரம் 57 என்றிருந்தாலும் சராசரி 60தானே? தராசு சராசரியை மட்டும் சொல்லும். மெஷினில் ஏற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தடித்த இடத்தில் எழுத்து பின்பக்கம் வரை அழுந்தும், மெலிந்த இடத்தில் மை வெளிறும். எல்லாத் தாளும் ஒரே மாதிரி கோணலாக இருந்தால் அடியில் டிஷ்யூ ஒட்டிச் சமாளிக்கலாம். அடுத்த தாளில் மெலிவு வேறு இடத்துக்குப் போயிருந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பின்னால் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டுக் காவிரிக் கரையில் ஒரு பேப்பர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த ஓரங்கள் ஏன் அப்படி இருந்தன என்று கண்ணாலேயே பார்த்தேன். பேப்பர் மெஷினின் தலைமாட்டில் ஹெட்பாக்ஸ் இருக்கும். அதிலுள்ள கூழில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர்தான். ஸ்லைஸ் என்ற நீண்ட பிளவு வழியாக அது பாய்ந்து, ஓடும் வலைமேல் விழும். பல மீட்டர் அகலமுள்ள அந்தப் பிளவு ஓரிடத்தில் மயிரிழை கூடுதலாகத் திறந்திருந்தால், அந்த இடத்துக்கு நேரே தாள் முழுக்கத் தடிப்புதான்.

அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தவர்கள் மெஷின்மேன்கள். ரீல் நிறைந்ததும் அதன் குறுக்கே ஒரு பட்டையைக் கிழித்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே அதைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக நிறுத்துக் குறிப்பார்கள். முடிவு வர அரைமணி ஆகும். நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடும் மெஷினில் அதற்குள் 9 கிலோமீட்டர் பேப்பர் சுற்றப்பட்டிருக்கும். மூத்த மெஷின்மேன் லேபுக்காகக் காத்திருக்கமாட்டார். ஒரு மரக்கட்டையால் ரீலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தட்டிக்கொண்டே நடப்பார். "டங்" என்றால் தடிப்பு, "தொப்" என்றால் மெலிவு. உடனே ஸ்பேனரோடு போய் அந்த இடத்து ஸ்லைஸ் திருகைக் கால் சுற்று திருப்புவார். ஒரு திருகைத் தொட்டால் பக்கத்துத் திருகுகளுக்கு நேரேயும் கனம் மாறும். எவ்வளவு மாறும் என்பது அவர் மனதில் கணக்காக இருந்தது. அதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இன்றைய பெரிய மெஷின்களில் ரீலுக்கு முன்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அதில் ஒரு ஸ்கேனர் இடமும் வலமுமாக ஓயாமல் ஓடுகிறது. தாளுக்கு ஒரு பக்கம் கிரிப்டான்-85 போன்ற கதிரியக்க மூலம், மறுபக்கம் உணரி. எவ்வளவு பீட்டா கதிரைத் தாள் விழுங்கியது என்பதிலிருந்து கனம் தெரிந்துவிடும். ஆனால் ஸ்கேனர் குறுக்கே போகும்போது தாளும் ஓடிக்கொண்டிருப்பதால், அது பார்ப்பது ஒரு சாய்கோட்டை மட்டுமே. நீளவாக்கில் வரும் ஏற்ற இறக்கம் எது, அகலவாக்கில் வருவது எது என்று கணினிதான் பிரித்தெடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், தாமதம். கூழ் வால்வைத் திருப்பினால் பலன் ஸ்கேனருக்கு வந்து சேரச் சிறிது நேரமாகும். அதற்குள் பொறுமையிழந்து மேலும் திருப்பினால் கனம் ஊசலாடத் தொடங்கிவிடும். திருப்பியதன் பலன் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அதுவரை பொறுத்திருக்கும் முறையை ஓட்டோ ஸ்மித் என்ற பொறியாளர் 1957-இல் வகுத்தார். ஸ்வீடனில் பில்லெருட் ஆலையில் கணினி வைத்துத் தாளின் கனத்தைக் கட்டுப்படுத்திய அனுபவத்தைக் கார்ல் ஆஸ்ட்ரோம் 1967-இல் எழுதினார். இன்றைக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கும் எவரும் இந்த இரண்டு பெயர்களையும் தாண்டிப் போக முடியாது. புதிய ஹெட்பாக்ஸ்களில் பிளவை நெளிப்பதும் குறைந்துவிட்டது. எங்கே தடிக்கிறதோ அந்த இடத்துக் கூழில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார்கள்.

இதனால் மிச்சமாவது பெரிது. கனம் அலைபாயும்போது, எங்கேயும் 60-க்குக் கீழே போய்விடக் கூடாதென்று ஆலை 62-ஐக் குறிவைக்கும். அலைச்சல் அடங்கினால் 60-ஐயே குறிவைக்கலாம். கூடுதல் இரண்டு கிராமுக்கான நாரும், அதை உலர்த்தும் நீராவியும் மிச்சம். கிண்டியில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் உருவானதே, கரும்புச் சக்கையிலிருந்து பேப்பர் செய்யத்தான். காட்டு மரத்துக்கு மாற்றாகச் சக்கையைத் தேடிப் போன ஒரு மாநிலத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்புண்டு.

அடையாறில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று பார்த்தால் இந்தக் கட்டுப்பாட்டின் பலன் தெரியும். கட்டுக் கட்டாக 75 ஜி.எஸ்.எம். தாள் மெஷினுக்குள் இரண்டு பக்கமும் அச்சாகி, சிக்காமல் வெளியே வருகிறது. கடைக்காரப் பையன் ஒரு தாளைக்கூடத் தேய்த்துப் பார்ப்பதில்லை. தேய்த்துப் பார்க்க அவசியமும் இல்லை.

காலம் செய்த விசித்திரம் ஒன்று உண்டு. சித்தப்பா காலத்துத் தமிழ்ப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரு பட்டியல் இருக்கும். எழுத்து எத்தனை புள்ளி, கட்டுமானம் என்ன, தாள் 11.6 கிலோ என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அன்று அந்த எண் வெறும் சராசரி. இன்று அது ஏறத்தாழத் தாளின் ஒவ்வொரு விரற்கடைக்கும் பொருந்தும் உண்மை. ஆனால் இப்போது நான் தி.நகரில் வாங்கிவரும் புத்தகங்கள் பலவற்றில் அந்த வரியே இல்லை.

அது திரும்ப வர வேண்டும் என்பது என் ஆசை. பதிப்பாளர்கள் தாளின் கனத்தையும், முடிந்தால் ஆலையின் பெயரையும் அச்சிட வேண்டும். அரசுப் பள்ளிப் பாடநூலிலும் அது இருக்க வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் தாளுக்குப் பின்னால் மெஷின்மேனின் காதும் இருக்கிறது, ஆஸ்ட்ரோமின் கணக்கும் இருக்கிறது. அட்டைக்குள் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பிள்ளை "இது என்ன சார்?" என்று கேட்டால் போதும். அதற்கு விடை சொல்ல ஆசிரியருக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்று புத்தகங்களுமே வேண்டியிருக்கும்.