காதும் கண்ணும் கூட்டு

? என் மனைவி, மூக்குக்கண்ணாடி போட்டால்தான் நான் பேசுவது காதில் விழுகிறது என்கிறாளே?

! உண்மைதான், நம்புங்கள். சந்தை இரைச்சலில் எதிராளியின் வாயைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் பிடிக்கிறோம். 1976-ல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒலி ‘பா’, படத்தில் உதடு சொல்வதோ ‘கா’. பார்த்தவர்களில் பெரும்பாலோர் காதில் விழுந்தது, எவருமே சொல்லாத ‘டா’! கண்ணை மூடினால் மறுபடி ‘பா’. ரகசியம் தெரிந்தபின் பார்த்தாலும் பலருக்கு அதே ‘டா’தான். எனவே, வீட்டில் யாராவது ‘டா’ போட்டதாகத் தோன்றினால், சண்டைக்குப் போகுமுன் ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள்.

? படம் பார்க்கையில் ஸ்பீக்கர் சுவரோரம் இருக்கிறது. குரல் மட்டும் எப்படி ஹீரோவின் வாயிலிருந்தே வருகிறது?

! அசைகிற வாய் எதுவோ, குரலை அதன் கணக்கில் எழுதிவிடுகிறது மூளை. பேசும் பொம்மைக்காரர் பிழைப்பதும் இதில்தான். தெலுங்கில் கமலுக்கு எஸ்.பி.பி. குரல் கொடுத்தாரே, யாராவது டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா?

? மேனேஜர் போன் செய்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். ஏன் சார்?

! பழகிய குரலைக் கேட்டால் முகங்களை அடையாளம் காணும் மூளைப் பகுதியும் சேர்ந்து விழிப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். போனில் வருவது குரல். முகத்தை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். அது சரி, வீடியோ காலில் வந்தால் என்ன செய்வதாக உத்தேசம்?