நவம்பர் முடியட்டும்

வேலை பார்த்துக்கொண்டே, ஐ.ஐ.எம். மேனேஜ்மென்ட் படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிக்கிறவரைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை, அவரே சொல்லிவிடுவார். பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் நடுவே ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடம். அதன் பேன்ட்ரியில் காபி மெஷின் முன்னால் கண் சிவந்து நிற்பார். "என்ன ப்ரோ, தூங்கலையா?" என்று கேட்டால் போதும். "நைட்டு ஒரு மாக் போட்டேன்" என்பார். மாக் என்றால் என்ன என்று நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், காபியைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கும் வரை அங்கேயே நிற்பார். மாதிரித் தேர்வுதான், வேறொன்றுமில்லை.

வயது இருபத்தைந்து, இருபத்தாறு. படித்தது மெக்கானிக்கல் என்ஜினீயரிங். பார்ப்பது, அமெரிக்கக் கடை ஒன்றின் இணையதளத்தில் 'கூடையில் சேர்' பொத்தானை அழுத்தினால் பொருள் கூடையில் சேருகிறதா என்று சோதிக்கும் வேலை. சேருகிறது என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவர் உருவாவது ஏப்ரல் மாதம், சம்பள உயர்வுக் கடிதம் வருகிற நாளில். கடிதத்தைத் திறப்பார், சதவீதத்தைப் பார்ப்பார், மூடுவார். தசமப் புள்ளி இடம் மாறியிருக்குமோ என்று இன்னொரு முறை திறப்பார். அன்றிரவே, அந்த ஆண்டு முழுவதற்குமான உயர்வை ஒரே தவணையில் கோச்சிங்குக்குக் கட்டிவிடுவார். மேனேஜ்மென்ட் படிக்க வேண்டும் என்ற ஆசை ஒருவருக்குப் பெரும்பாலும் தன்னுடைய மேனேஜரைப் பார்த்துத்தான் வருகிறது. இவரைவிட நான் நன்றாகச் செய்வேன் என்றோ, இவரே செய்கிறபோது எனக்கென்ன என்றோ.

அடுத்த வார இறுதி முழுக்கத் திட்டமிடல். எக்செல்லில் எட்டு மாத அட்டவணை: முடித்தது பச்சை, பாதி மஞ்சள், தவறியது சிவப்பு. அலுவலகத்தில் எந்த அறிக்கைக்கும் இவர் இத்தனை அழகு செய்ததில்லை. வேளச்சேரி பி.ஜி.யிலிருந்து ஆபீஸ் போக ஒரு மணி, வர ஒன்றரை மணி. மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் கம்பெனி பஸ் நகரவா போகிறது? ஆக தினம் இரண்டரை மணி நேரம் 'வாசிப்பு' என்று அட்டவணையில் ஏறிவிடும். நடைமுறையில், பெருங்குடி தாண்டும்போது ஏ.சி. குளிருக்குக் கண் செருகும். தலை பக்கத்து சீட்காரர் தோளில் விழுந்திருக்க, மடியில் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கம் திறந்தபடி ஊர் போய்ச் சேரும்.

புத்தகங்களும் வாங்குவார். அருண் சர்மாவின் கணிதப் புத்தகம் தடிமனானது. ஆகஸ்ட் வாக்கில் அது லேப்டாப்புக்கு அடியில் போய்விடும், கழுத்து வலிக்கு நல்லது. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இல்லாத பி.ஜி. அறை கிடையாது. அதில் மனித சுபாவங்களைச் சொல்லும் பகுதி முதலிலேயே வந்துவிடுவதால், நம் ஊர் இளைஞர்கள் எல்லோருக்கும் இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட், ஆம்பிவர்ட் மூன்றும் தெரியும். அதற்கப்பால் போனவர்கள் குறைவு. கேட் தேர்வில் சொல்லுக்கு நேர்ப்பொருள் கேட்டு வெகுகாலமாகிறது என்பதை இவரிடம் யாராவது சொன்னால், "தெரியும் ப்ரோ, பேஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும்ல" என்பார்.

தேர்வு இரண்டு மணி நேரம். ஆங்கிலம், தரவு-தர்க்கம், கணிதம் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் சரியாக 40 நிமிடம். 2020இல் கொரோனா புண்ணியத்தில் மூன்று மணி இரண்டாகச் சுருங்கியது, பிறகு நீளவே இல்லை. ஒரு பிரிவில் நேரம் மிஞ்சினாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தவறினால் ஒன்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆங்கிலப் பிரிவில் திமிங்கிலங்களின் இசை, பிரெஞ்சுத் தத்துவம், பதினெட்டாம் நூற்றாண்டுச் சர்க்கரை வணிகம் என்று பத்திகள் வரும். இரவு பதினொரு மணிக்கு, கிளையன்ட் கால் முடிந்த கையோடு, திமிங்கிலத்திடம் போவார். ஆசிரியரின் தொனி எது: எள்ளலா, ஐயமா, கண்டனமா, நடுநிலையா? நடுநிலை என்று குறிப்பார். விடை எள்ளல். ஒரு மதிப்பெண் போச்சு. ஆனால் காலையில் மேனேஜரிடமிருந்து 'ஜென்டில் ரிமைண்டர்' என்று ஆரம்பித்து, நாலு பேருக்கு நகல் வைத்து ஒரு மெயில் வரட்டும். அதன் தொனியை, அதன் உள்தொனியை, அந்த நாலு பேரை ஏன் வைத்தார் என்பதை, மூன்று பத்திக்கு இவர் விரித்துரைப்பார். அந்த மெயிலைக் கேள்வித்தாளில் போட்டால் இவருக்கு நூற்றுக்கு நூறு.

கணிதத்திலும் வாழ்க்கை குறுக்கே வரும். ஒரு வேலையை ஏ 12 நாளில் செய்வார், பி 6 நாளில் செய்வார், இருவரும் சேர்ந்தால்? 4 நாள் என்கிறது புத்தகம். இவருடைய அனுபவம் வேறு. ஏயும் பியும் சேர்ந்தால் முதல் இரண்டு நாள் மீட்டிங். மூன்றாம் நாள், யார் எதைச் செய்வது என்று ஒரு மீட்டிங். ஐந்தாம் நாள் பி ஆன்சைட் போய்விடுவார். ஏ தனியாக உட்கார்ந்து பதினெட்டாம் நாள் முடிப்பார். 'கிரேட் வொர்க் பி' என்று எல்லோருக்கும் மெயில் வரும். இது நான்கு விடைகளில் எதிலும் இருக்காது.

கோச்சிங்கில் சொல்லித்தருவதில் இவர் மனதில் ஆழப் பதிவது ஒன்றுதான்: எந்தக் கேள்வியை விடுவது என்று தெரிந்தவனே ஜெயிப்பான். வகுப்பெடுக்கும் சாரும் லேசுப்பட்டவர் அல்ல. வருடா வருடம் தானும் தேர்வெழுதி 99க்கு மேலே வாங்கிக் காட்டுவார், எந்தக் கல்லூரியிலும் சேரமாட்டார். அந்த உபதேசத்தை இவர் பரீட்சையில் கடைப்பிடிப்பதில்லை. முதல் கேள்வியோடு எட்டு நிமிடம் மல்லுக்கட்டுவார், மானப் பிரச்சினை. அலுவலகத்தில்தான் கடைப்பிடிப்பார். காலையில் ஏழு டிக்கெட் வந்து விழுந்தால் ஒரு பார்வையிலேயே மூன்றை விட்டுவிடுவார். "ஏன் எடுக்கலை?" என்று லீட் கேட்டால், மனதுக்குள் 'செலக்‌ஷன்' என்று சொல்லிக்கொள்வார்.

ஆகஸ்டில் விண்ணப்பம். கட்டணம் 2024இல் 2,500 ரூபாய். நம் பக்கத்துப் பையன்களில் பலருக்கு இதோடு இன்னொரு தேர்வும் உண்டு: மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ். அதற்காகச் சனிக்கிழமை ஊருக்குப் போய், இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ.வைப் பார்க்க வேண்டும். "போன வருஷம்தானே தம்பி வாங்குனீங்க?" என்பார் அவர். "இந்த வருஷத் தேதி வேணுமாம் சார்." "அப்ப போன வருஷம் கிடைக்கலையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது தேர்வைவிடக் கடினம். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களும் கேட்பார்கள், சில ஐ.ஐ.எம்.கள் அவற்றையும் கணக்கில் சேர்க்கின்றன. பதினைந்து வயதில் சமூக அறிவியலில் விட்ட நான்கு மதிப்பெண், அஹமதாபாதில் தனக்காகக் காத்திருந்தது என்று தெரிந்த அன்று இவர் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எழும். இங்கேதான் தேர்வின் முழுப் பயனும் தெரிகிறது.

"சேலத்துல ஒரு ஜாதகம் வந்திருக்குடா."

"நவம்பர் முடியட்டும்மா."

"போன நவம்பரும் இதையே சொன்ன."

"அது போன நவம்பர்."

கல்யாணம் மட்டுமா? நண்பன் வீட்டு கிரகப்பிரவேசம், பல் டாக்டர், ஜிம், இன்ஷூரன்ஸ் பாலிசி, கம்பெனி மாறுவது என எல்லாம் நவம்பருக்கு அப்பால் வரிசையில் நிற்கின்றன. முக்கியமாக, கொட்டாவி வரவழைக்கும் அந்த வேலையைப் பற்றி வருத்தப்படுவதும்கூட. தான் இங்கே இருப்பது தற்காலிகம் என்று நம்புகிறவருக்கு எதுவும் அவ்வளவாக உறைப்பதில்லை. பதவி உயர்வு பக்கத்து சீட்காரருக்குப் போனாலும் புன்னகைத்துக் கைகொடுப்பார். இவர்தான் பெங்களூர் போய்விடப் போகிறாரே. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவர் பணம் கட்டி வாங்கியது ஐ.ஐ.எம். சீட்டுக்கான பயிற்சியை அல்ல, இந்த நிம்மதியை. அந்த விலைக்கு மலிவுதான்.

பெண்கள் இப்படி இல்லையா என்று கேட்கலாம். நான் பார்த்தவரை அவர்கள் சொல்வதில்லை. எங்கள் டீமில் ஒருவர் இருந்தார். ஐந்தரைக்குப் பை எடுத்துக்கொண்டு கிளம்புவார், காபி மெஷின் பக்கம் கண்டதில்லை. ஒரு மே மாதம் கேக் வெட்டியபோதுதான் தெரிந்தது, திருச்சி ஐ.ஐ.எம்.முக்குப் போகிறாரென்று. கேக்கைத் தின்றுகொண்டே நம்மாள் அவருக்கு ஹாஸ்டல் பற்றி அறிவுரை சொன்னார்.

நவம்பர் வரும். வடகிழக்குப் பருவமழையும் வரும். மழை வலுத்துக் கலெக்டர் லீவு விட்டால் ஒரு நாள் முழுக்கப் படிக்கலாம் என்று வேண்டிக்கொள்வார். வேண்டுதல் பாதி பலிக்கும்: பள்ளிக்கூடத்துக்கு லீவு, இவருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். இதைவிடப் பெரிய சோதனை அமெரிக்காவில் இருக்கிறது. கேட் நடப்பது வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. அமெரிக்கர்கள் நன்றி சொல்லும் திருநாள் நவம்பர் நான்காவது வியாழன். மறுநாள் பிளாக் ஃப்ரைடே, நாடே கடைக்குப் போகிற நாள். 2022, 2023, 2025 மூன்று ஆண்டும் அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறுதான் தேர்வு. கடைக்காரக் கிளையன்ட்டுக்கு உழைக்கும் டீமில் அந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது. ஒஹாயோவில் யாரோ ஒரு அம்மாள் தள்ளுபடி விலையில் டி.வி. வாங்குவதற்காக, இவர் வெள்ளி இரவு முழுக்கக் கூடையைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பார். சனிக்கிழமை தூங்குவார். ஞாயிறு காலை, அம்பத்தூர் பக்கம் ஏதோ ஒரு கல்லூரி வாசலில் பெல்ட்டையும் வாட்ச்சையும் கழற்றிக்கொண்டு நிற்பார்.

முடிவு டிசம்பர் கடைசியில். மொத்தம் சுமார் மூன்று லட்சம் பேர் எழுதுகிறார்கள். நம்மாளுக்கு 93 பெர்சென்டைல்.

அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டார்: "தொண்ணூத்தி மூணு!" அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அப்படி ஏமாற்ற முடியாது.

"93ன்னா என்னடா அர்த்தம்?"

"நூறு பேர்ல 93 பேர் எனக்குப் பின்னாடி இருக்காங்கப்பா."

"மொத்தம் எத்தனை பேரு?"

"மூணு லட்சம்."

அப்பா காகிதம் தேடவில்லை. "அப்ப உனக்கு முன்னாடி இருபத்தோராயிரம் பேர். வண்டிக்கு அறுபது பேர்னு வெச்சா முன்னூத்தம்பது பஸ். எல்லாம் போனப்புறம்தான் உன் பஸ் எடுக்கறான்."

இந்த ஆள் கேட் எழுதியிருக்க வேண்டும் என்று நம்மாளுக்கு அப்போது தோன்றும். தேர்வில் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டும் இவருக்கு இந்த வேகம் வராது.

அலுவலகத்துக்கு வேறு விளக்கம் தயாராக இருக்கும். மூன்று வேளையாக நடக்கும் தேர்வில், கேள்வித்தாளின் கடினத்துக்கேற்ப மதிப்பெண்ணைச் சமன்செய்வார்கள். "நார்மலைசேஷன்ல அடிச்சுட்டாங்க ப்ரோ." காலை வேளை எழுதியிருந்தால் 98 வந்திருக்கும் என்பார். போன வருடம் காலை எழுதினார். அப்போது மதியம்தான் சுலபம்.

இப்படி நாலைந்து நவம்பர்கள் போனதும் கவனம் ஜீமேட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வுக்குத் திரும்பும். கேட் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும், ஜீமேட் ஐந்தாண்டு. அனுபவசாலிகளுக்கான ஓராண்டுப் படிப்புகள் அதை ஏற்கின்றன. ஐந்தாண்டு என்பது இவருக்கு வசதியான கால அளவு. பழைய புத்தகங்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்குவார். நடுவில் சேலத்து ஜாதகமே திரும்பி வந்து பொருந்தி, கல்யாணமும் ஆகிவிடும், பிப்ரவரியில். கம்பெனியும் வேறு வழியில்லாமல் இவரை லீட் ஆக்கிவிடும்.

போன நவம்பர், அப்படி லீட் ஆன ஒருவருடைய கேபினில் நானும் இருந்தேன். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கதவைத் தட்டினான்.

"அண்ணா, அடுத்த வாரம் வியாழன்லேர்ந்து திங்கள் வரைக்கும் லீவு வேணும். மதுரைல சித்தப்பா பொண்ணு கல்யாணம்."

அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"எந்த ஸ்லாட்?"

பையன் கொஞ்ச நேரம் கார்பெட்டைப் பார்த்தான். "மதியம்ணா."

"உட்காரு."

அதன்பிறகு முக்கால் மணி நேரம். எந்தப் பத்தியை முதலில் எடுப்பது, வட்ட மேசைக் கணக்கு வந்தால் எப்படி நழுவுவது, ஐந்தாவது நிமிடத்தில் எந்தக் கேள்வியைக் கைகழுவுவது என்று ஒயிட்போர்டில் படம் போட்டுச் சொன்னார். கிளையன்ட் கால் இரண்டு முறை வந்தது, எடுக்கவில்லை. அத்தனை உற்சாகமாக அவரை நான் பார்த்ததேயில்லை. பையன் நெகிழ்ந்துபோய் நோட்டில் குறித்துக்கொண்டான். எழுந்திருக்கும்போது, "அப்ப லீவுண்ணா?" என்றான்.

"பிளாக் ஃப்ரைடே வாரத்துல எப்படிப்பா? ஞாயித்துக்கிழமை போய்ட்டு வா."