காணாமை விதி: கடலில்லா ஊரின் கடற்போர் விமானமும் அதன் 48-இல் ஒரு பங்கும் குறித்த ஆய்வு

1. பொருள் வரையறை

மாதிரி விமானம் என்பது எக்காலத்திலும் பறக்காத விமானம். ரிமோட்டில் பறப்பது வேறு இனம். அதை வைத்திருப்பவர்கள் மைதானங்களில் காணப்படுவர். மாதிரி கட்டுவோர் கதவைச் சாத்திய அறைகளில் காணப்படுவர். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த நூற்றுச்சொச்சம் துண்டுகளைப் படத்தாளைப் பார்த்து ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அலமாரியில் ஏற்றி, பிறகு யாரும் தொடாமல் ஆயுள் முழுக்கக் காவல் இருப்பதே இத்துறையின் பணி.

துறையை ஆளும் விதி ஒன்றே. ஒரு பாகத்தின் மீது செலவாகும் உழைப்பு, அந்தப் பாகம் பிறர் கண்ணில் படும் வாய்ப்புக்கு எதிர்விகிதத்தில் அமையும். இதைக் காணாமை விதி என்று அழைக்கலாம். பின்வரும் பகுதிகள் இவ்விதியைப் படிப்படியாக நிறுவுகின்றன.

2. ஆய்வுக் களம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் ராயல் நேவி கோவையில் விமானப் பழுதுபார்ப்பு யார்டு ஒன்றை நடத்தியது. அதன் பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூர்த் தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். வைரி. எச்.எம்.எஸ். என்பது கப்பலுக்குரிய அடைமொழி. மிக அருகிலுள்ள கடலே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, கொங்கு மண்ணில் இரண்டு கப்பல்கள் நின்றதன் காரணம் எளிது: ராயல் நேவி தன் தரைத்தளங்களையும் கப்பலாகவே ஏட்டில் ஏற்றும். தளத்தின் வாசலைத் தாண்டி ஊருக்குள் போவதற்கு அங்கே ‘கரைக்குப் போவது’ என்று பெயர். ஆகவே சூலூர்க் கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கிய மாலுமி எவரும் சட்டப்படி கரையிறங்கியவரே.

இந்த மரபு போரோடு முடியவில்லை. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா 1961-இல் சூலூரில்தான் தொடங்கப்பட்டது. 1964-இல் கோவாவுக்கு இடம்மாறி ஒருவழியாகக் கடலைக் கண்டது.

கருடா யார்டு இந்தியப் பெருங்கடலில் இயங்கிய ஈஸ்டர்ன் ஃப்ளீட்டுக்காக வேலை செய்தது. அக்கப்பற்படையின் முக்கியச் சண்டை விமானங்களுள் ஒன்று, அமெரிக்காவின் வாட் நிறுவனம் வடிவமைத்த கோர்சேர். 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்ரா முனையிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவை 1830, 1833 எண்ணுள்ள கோர்சேர் ஸ்குவாட்ரன்கள். எனவே கோவையில் மாதிரி கட்டுபவர் கோர்சேரைத் தேர்ந்தெடுப்பது உள்ளூர் வரலாற்றுக் கடமை என்று வாதிடலாம். பெட்டி வாங்கியதற்கு வீட்டில் சொல்லப்படும் காரணங்களுள் இதுவே ஓரளவு நிற்பது.

3. அளவுகோல்

உலகில் பெரிதும் புழங்கும் அளவுகள் இரண்டு. 72-இல் ஒரு பங்கு என்பதில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான். 48-இல் ஒரு பங்கு என்பதில் ஓர் அடி கால் அங்குலம் ஆகும். முதல் அளவு 1930-களில் பிரிட்டனில் பரவியது. 1936-இல் வந்த ஃப்ராக் பென்குவின் பிளாஸ்டிக் பெட்டிகளும் அதையே பின்பற்றின. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தை அடையாளம் காணும் பயிற்சிக்காக ஐந்து லட்சம் மாதிரிகள் செய்து தரும்படி பள்ளி மாணவர்களிடம் கேட்டது. அவையும் 72-இல் ஒரு பங்கு. அம்மாதிரியை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், உண்மை விமானத்தை ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். மாதிரி கட்டுவது தேசப் பணியாகக் கருதப்பட்ட ஒரே காலம் அதுதான்.

கோர்சேரின் இறக்கை நுனிக்கு நுனி 41 அடி. 48-இல் ஒரு பங்கில் அது 26 சென்டிமீட்டர். இந்த அளவைத் தேர்பவர் அலமாரித் தட்டின் ஆழத்தை முன்கூட்டியே அளப்பதில்லை என்பது துறையில் நிலைபெற்ற உண்மை.

4. கருவிகளும் காற்றும்

வார்ப்பட்டறைகளும் பேட்டர்ன் கடைகளும் நிறைந்த கோவையில் இத்துறைக்கான சொற்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியதும் பிசிறு எடுக்க வேண்டும். இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஓடும் பார்ட்டிங் லைனை 400-இல் தொடங்கி 1000, 1500 வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இடைவெளிகளுக்குப் பட்டி. நுண்பாகங்களைப் பிடிக்க நகைப்பட்டறைச் சாமணம். பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கும் பசையே முறையானது. அவசரத்துக்கு ஃபெவிக்விக் போட்டால் அதன் ஆவி கண்ணாடிக் கூண்டை வெண்மூட்டமாக்கிவிடும். அப்படி ஆன பிறகு உள்ளே எதுவும் தெரியாது. காணாமை விதிக்கு இயற்கை தரும் உதவி இது.

பெயிண்ட் அடிக்க ஏர்பிரஷ் வேண்டும். ஏர்பிரஷ்ஷுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். 1960-இல் தொடங்கிய எல்ஜி நிறுவனத்தின் ஊரில் கம்ப்ரஸருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏர்பிரஷ் கேட்பது 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரைதான். பட்டறைக் கம்ப்ரஸர் 100-ஐத் தாண்டி நிற்கும். ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் விமானத்தோடு சுவரும் காலண்டரும் ஒரே நிறமாகும்.

பருவமும் முக்கியம். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வரும் காற்று ஈர பெயிண்டின் மீது புழுதியைக் கொண்டுவந்து அமர்த்தும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள தூசி, 48 மடங்கில் ஐந்து மில்லிமீட்டர் சரளைக்கல். சரளை ஒட்டிய இறக்கையோடு எந்த விமானமும் போருக்குப் போனதில்லை. ஆகவே ஆடி மாதம் பெட்டி வாங்குவதற்கு மட்டுமே உகந்தது, தள்ளுபடியும் அப்போதுதான்.

5. காக்பிட்டும் எஞ்சினும்

காணாமை விதி முழு வலிமையுடன் வெளிப்படும் இடம் காக்பிட். மூன்று அங்குல டயல் ஒன்று இந்த அளவில் 1.6 மில்லிமீட்டர். கட்டுபவர் அதற்குள் முள் வரைவார். முள் காட்டும் எண் விமானம் நிற்கும் நிலைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார். இருக்கைப் பட்டைக்குக் கொக்கி பூட்டுவார். பின்னர் கூண்டை ஒட்டி மூடுவார். அதற்கு மேல் இவற்றைப் பார்க்க டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் நல்லெண்ணமும் தேவைப்படும். மூன்றும் சேர்ந்த விருந்தாளி அமைவது அரிது.

எஞ்சினும் அவ்வாறே. வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசைகளில் 18 சிலிண்டர்கள். அவற்றுக்கு ஸ்பார்க் பிளக் வயர் இழுக்க, பழைய மோட்டார் காயிலில் உரித்த செம்புக்கம்பி பொருத்தமானது. பம்ப்செட் ரீவைண்டிங் நடக்கும் ஊரில் அது இலவசம். முன்வரிசை ஒன்பதைப் புரொப்பெல்லருக்குப் பின்னால் ஒருவாறு காணலாம். பின்வரிசை ஒன்பதையும் காண விமானத்தை உடைக்க வேண்டும். வயர் பின்வரிசைக்கும் இழுக்கப்படும்.

6. இறக்கை நுனிச் சிக்கல்

கோர்சேரின் இறக்கை உடலிலிருந்து கீழிறங்கி, பிறகு மேலே வளையும். புரொப்பெல்லரின் விட்டம் 13 அடி 4 அங்குலம். அது தரையில் இடிக்காமலும் சக்கரக் கால்கள் அளவுக்கு மீறி நீளாமலும் இருக்கச் செய்த ஏற்பாடே இறக்கையின் இவ்வடிவம். இந்த வளைவைப் பார்த்ததும் ‘கோர்சேர்’ என்று சொல்பவர் தொடக்கநிலை ஆய்வாளர்.

அடுத்த நிலை ஆய்வாளர் நுனியைப் பார்ப்பார். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்களின் ஹேங்கர் தாழ்வானது. இல்லஸ்ட்ரியஸில் உயரம் 16 அடி. கோர்சேர் இறக்கையை மேலே மடக்கினால் கூரையில் இடித்தது. ஆகவே பிரிட்டன் பெற்றுக்கொண்ட கோர்சேர்களில் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 8 அங்குலம் குறைக்கப்பட்டது. கூரையை உயர்த்தாமல் விமானத்தை நறுக்கிய இம்முடிவு, டெக்கில் இறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே போகும் தொல்லையையும் ஓரளவு குறைத்தது.

மாதிரியில் அந்த 8 அங்குலம் 4.2 மில்லிமீட்டர். அமெரிக்க நுனியோடு பிரிட்டிஷ் நிறம் அடித்த மாதிரி, கூரையில் இடிக்கும் மாதிரி. இப்பிழையைக் கண்டுபிடிப்பவர் மாவட்டத்துக்கு ஓரிருவரே இருப்பர். அவருக்கு அஞ்சியே மற்றவர்கள் வெட்டுகிறார்கள். விதியின் துணைத் தேற்றம் இதிலிருந்து கிடைக்கிறது: ஒரு பிழையின் அச்சம், அதைக் காணக்கூடியவர் எண்ணிக்கை குறையக் குறையப் பெருகும்.

7. நிறக் கோட்பாடுகள்

ராயல் நேவி கோர்சேரின் மேற்பக்கத்துக்கு விதிக்கப்பட்ட நிறங்கள் எக்ஸ்ட்ரா டார்க் ஸீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே, அடிப்பக்கம் ஸ்கை. இவற்றில் இரண்டாவது, பெயரில் சாம்பலாயினும் கண்ணுக்குப் பச்சை கலந்தது. மூன்றாவது, பெயரில் வானமாயினும் வெளிறிய பச்சையே. விமானங்களுக்கு அமெரிக்காவில் பெயிண்ட் அடிக்கப்பட்டதால், அங்கே கிடைத்த நெருக்கமான நிறங்கள் இவற்றுக்குப் பதிலாக வந்தன. அந்த ‘நெருக்கம்’ எவ்வளவு என்பதில் கட்சிகள் இரண்டு.

ஏட்டுக் கட்சியினர் நிறமட்டையில் உள்ளதை அப்படியே அடிக்கச் சொல்வர். தொலைவுக் கட்சியினர், சிறிய பொருளின் நிறம் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல வெளிற வேண்டும் என்று ஒரு துளி வெள்ளை சேர்ப்பர். இரு கட்சியும் டியூப்லைட் வெளிச்சத்தில் வாதிட்டுப் பகல் வெளிச்சத்தில் தோற்கின்றன. திருப்பூர் டையிங்கில் ஷேடு பார்ப்பவர் ஒருவரை நடுவராக வைத்தால் வழக்கு பத்து நிமிடத்தில் தீரும்; அதனாலேயே யாரும் வைப்பதில்லை.

வட்டச் சின்னத்தில் ஐயம் குறைவு. ஜப்பானியரின் செவ்வட்டத்தோடு குழம்பாதிருக்க, கீழைப் போர்முனையில் சிவப்பு நீக்கப்பட்டு நீலமும் வெள்ளையும் மட்டும் எஞ்சின. பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் சிவப்பு இருந்தால் அது ஐரோப்பாவுக்கானது.

நேர்மையான தரவு வேண்டுவோர்க்கு இங்கிலாந்தின் யோவில்டனிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகம் உண்டு. அங்கே கே.டி.431 என்ற கோர்சேரின் மீது பிற்காலத்தில் பூசிய பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி, 1944-இன் மூலப் பூச்சை வெளிக்கொணர்ந்தார்கள். ஒரு முழு விமானத்தை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிய அவ்வேலை இத்துறையின் நடைமுறையிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று; சம்பளம் இருந்தது என்பதைத் தவிர.

8. அழுக்காக்கல்

பல நாள் உழைத்துச் சுத்தமாக முடித்த விமானத்தை, மேலும் பல நாள் உழைத்து அழுக்காக்குவது அடுத்த கட்டம். புகைக்கறை, எண்ணெய் வழிசல், கால் பட்டுத் தேய்ந்த இறக்கை மூலை ஆகியன கட்டாயம். கோர்சேருக்கு மட்டும் உரியது, காக்பிட்டின் முன்னே பெட்ரோல் டாங்கியைச் சுற்றி ஒட்டிய வெள்ளை டேப். மூடியோரம் கசிந்த பெட்ரோல் பைலட்டின் கண்ணாடியில் தெறிக்காமலிருக்கச் செய்த கள ஏற்பாடு அது.

கோவை மாதிரிக்குச் செம்மண் தூவலாமா என்பது திறந்த கேள்வி. தூவலாம், ஏனெனில் கொங்குத் தரையில் சக்கரம் பதித்த விமானம் சிவக்காமல் இருந்திராது. தூவக்கூடாது, ஏனெனில் இது பழுதுபார்ப்பு யார்டு. அங்கிருந்து வெளியேறும் விமானம் புதிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் இரு வாதத்தையும் ஆடிக்காற்று தீர்த்துவைக்கிறது.

9. இல்லச் சூழல்

மாதிரியின் பகைவர் மூவர்: மொசைக் தரை, விளக்குமாறு, விருந்தாளி. சாமணத்திலிருந்து தெறித்த இரண்டு மில்லிமீட்டர் சாம்பல் துண்டு, சாம்பல் புள்ளி மொசைக்கில் விழுந்தால் அது காணாமை விதியின் தூய வடிவம். மறுநாள் காலை விளக்குமாறு அதைக் குப்பைக்கு அனுப்பும். அந்தப் பாகமே மாதிரியின் மிக முக்கியமான பாகமாக இருந்தது என்பது அதன் பிறகே தெரியவரும்.

விருந்தாளிகளின் கேள்விகள் கொங்குப் பகுதியில் மாறாத வரிசையில் வரும். “ஏனுங்க, இது பறக்குமுங்களா?” என்பது முதலாவது. “எவ்வளவுங்க ஆச்சு?” என்பது இரண்டாவது. “வித்தா என்னுங்க கெடைக்கும்?” என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு விடை ‘இல்லை’. மூன்றாவதற்கு விடை ‘ஒன்றுமில்லை’. இரண்டாவதன் விடை, வீட்டம்மா காதில் விழும் தூரத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நான்காவதாக, “எங்க பொடுசு ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டுமுங்களா?” என்று வந்தால், விமானத்தை மேல்தட்டுக்கு மாற்றிக் காபி போடச் சொல்வதே முறை.

10. முடிவுகள்

ஒன்று: பார்ப்போர் குறையக் குறைய உழைப்பு பெருகும் என்ற காணாமை விதி, காக்பிட்டிலும் பின்வரிசைச் சிலிண்டரிலும் இறக்கை நுனியிலும் ஐயமின்றி மெய்யாகிறது.

இரண்டு: ஒரு மாதிரியை முடிக்கும் காலத்தில் வாங்கப்படும் பெட்டிகள் ஒன்றுக்கு மேல். எனவே பரணில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கை கட்டுபவரின் ஆயுளில் பூஜ்யத்தை எட்டாது. ஆடித் தள்ளுபடியைக் கணக்கில் சேர்த்தால் எட்டவே எட்டாது.

மூன்று: பிரிட்டன் சுமார் 2,000 கோர்சேர்களைப் பெற்றது. அமெரிக்காவுடனான கடன்-குத்தகை ஒப்பந்தப்படி போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும். பல விமானங்கள் கப்பலிலிருந்து நேராகக் கடலில் தள்ளப்பட்டன. அசலை வைத்திருந்தவர்கள் அதை இப்படிக் கழித்துக் கட்டியிருக்க, நகலின் இறக்கையில் 4.2 மில்லிமீட்டருக்காக இரவு இரண்டு மணிவரை உப்புத்தாள் தேய்ப்பது பொருளியல் நோக்கில் விளக்கத்துக்கு அடங்காது. துறை அறிஞர்களும் இதற்கு விளக்கம் தேடுவதில்லை. அடுத்த பெட்டியைப் பிரிக்கிறார்கள்.